38 நொடி வீடியோவும் இரண்டாகிப் போன வாசகசாலைக் குழுவும்

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர் வாசகசாலைக்கு 210 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அட்மின் நான்தான். ஒரு மேடை நகைச்சுவைக்காரர் ஒரு கட்சித் தலைவரைக் கிண்டலடிக்கும் 38 நொடி வீடியோவை எங்கள் பொருளாளர் அண்ணாச்சி போன வாரம் போட்டார். அந்தக் கட்சியில் பொறுப்பில் இருக்கும் என் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) கொதித்துப்போய், “அண்ணாச்சிய நீக்கு, இல்லன்னா ஸ்டேஷன்ல உன் பேரையும் சேத்து எழுதிக் குடுப்பேன்” என்கிறார். போன வருடம் ஒரு யூடியூப் விமர்சகர் எதிர்க்கட்சித் தலைவரை மோசமாகப் பேசியபோது சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தவர் இதே அத்தான். அன்றைக்குக் கொதித்தவர் அண்ணாச்சி. இப்போது ஓண விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை தரமாட்டோம் என்று இரண்டு தரப்பும் சொல்கிறது. வீடியோவை அழிக்கவா, ஆளை நீக்கவா? என் மேல் கேஸ் வருமா?
– பெயர் வேண்டாம், தக்கலை

பதில்:

கேஸ் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். அந்தப் பயத்தோடு எடுக்கும் எந்த முடிவும் சரியாக வராது.

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வேறொருவர் போட்ட பதிவுக்கு நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்று தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதைச் சொன்னது: அட்மின் வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வீடியோவை நீங்களே எடுத்து இன்னொரு குழுவுக்குத் தட்டிவிட்டிருந்தால் கதை வேறு. ‘நான் எழுதல, பார்வர்டுதான் பண்ணினேன்’ என்பது எடுபடாது. நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை முகநூலில் பகிர்ந்தார். எழுதியவர் அவரல்ல. பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கை ரத்து செய்ய 2023இல் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அத்தானிடம் சொல்ல வேண்டிய செய்தியும் இதுதான். போன வருடம் அவர் பகிர்ந்தது இன்னும் அவர் போனில் கிடக்கும்.

அத்தான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? தலைவரின் மானம் போய்விட்டது என்றால் அது அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 356. அதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தொண்டருக்கு அங்கே வேலையில்லை. கட்சிக்காரர்கள் வழக்கமாக மனுவில் எழுதுவது 196, 353 (பொது அமைதியைக் குலைக்கும் பொய்த் தகவல், வதந்தி) பிரிவுகளைத்தான். 196 என்பது மதம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்றவற்றை வைத்து மக்கள் பிரிவுகளுக்கிடையே பகை மூட்டுவது. ஒரு கட்சித் தலைவரின் பேச்சைப் போலிசெய்து காட்டுவது அதில் அடங்காது. இதில் தண்டனை 3 ஆண்டு வரை என்பதால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் உண்டா என்று பார்க்கச் சட்டம் இடம் தருகிறது (பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173(3)). பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் அந்த விசாரணையைச் செய்வதே முறை என்று காங்கிரஸ் எம்.பி.யும் கவிஞருமான இம்ரான் பிரதாப்கடியின் வழக்கில் 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொட்டதற்கெல்லாம் ஆட்டம் காணும் ஆளின் கண்ணால் சொற்களை அளக்கக் கூடாது, திடமான மனமுள்ளவரின் கண்ணால் அளக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

நம் மாவட்டத்து வழக்கு ஒன்றும் இங்கே உதவும். 2021 ஜூலையில் அருமனைக் கூட்டத்தில் ஒரு கத்தோலிக்க அருட்பணியாளர் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கை முழுக்க ரத்து செய்ய மதுரைக் கிளை 2022 ஜனவரியில் மறுத்தது. மத உணர்வைப் புண்படுத்தல், பகை மூட்டல் பிரிவுகள் நின்றன. அதே தீர்ப்பில் முனவர் ஃபரூக்கி, அலெக்சாண்டர் பாபு என்ற நகைச்சுவையாளர்களின் பெயரைச் சொல்லி, மேடையில் அவர்கள் பிறரைக் கிண்டலடிப்பது அடிப்படை உரிமை, அங்கே அவர்கள் எந்த மதம் என்பது பொருட்டல்ல என்றும் நீதிபதி எழுதினார். யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். கொதிக்கிற இரண்டு தரப்பும் இந்தத் தீர்ப்பில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசிப்பது வழக்கம்.

இனி வீடியோவுக்கு வருவோம். இன்று இரவே குழு செட்டிங்ஸில் ‘அட்மின்கள் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்’ என்று மாற்றுங்கள். ‘ஞாயிறு மாலை வரை, முழு வீடியோவைப் பார்த்து முடிக்கும் வரை’ என்று காலக்கெடுவோடு ஒரு வரி போடுங்கள். கெடு சொல்லாமல் பூட்டினால், யாரோ ஒரு தரப்புக்காகப் பூட்டினான் என்று பேச்சு வரும். வீடியோவை உடனே அழிக்க வேண்டாம். அழித்துவிட்டால் அதில் என்ன இருந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை முளைக்கும்.

பிறகு துண்டைச் சோதியுங்கள். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது உங்கள் குழுவுக்கு வருவதற்குள் குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வெட்டியவர் அண்ணாச்சி இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். பேச்சு எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று கேளுங்கள். ‘அதனாலதான்’, ‘அப்போ இவரு’ என்று தொடங்கினால் காரணம் வெட்டுக்கு முன்னால் நின்றுபோயிருக்கிறது. சிரிப்புச் சத்தம் பாதியில் அறுபடுகிறதா, பேசுகிறவரின் கை ஒரே நொடியில் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது. அகலமாக எடுத்த வீடியோவை நெட்டுக்குத்தாக நறுக்கியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மறைந்திருப்பார். அடியில் ஓடும் பட்டை சேனல் பெயரை மூடியிருக்கும். குழித்துறை, களியக்காவிளை பக்கம் மலையாள சேனல்களின் அரசியல் கேலி நிகழ்ச்சிகளிலிருந்தும் துண்டுகள் வருகின்றன. அவற்றில் தமிழ் வரியைப் போட்டவர் சேனல்காரர் அல்ல, வெட்டியவர். அந்த வரியை நம்பாமல், மலையாளம் தெரிந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேசியவர் பெயரோடு அவர் சொன்ன நான்கைந்து சொற்களை அப்படியே யூடியூபில் தட்டுங்கள். அவருடைய சொந்த சேனலில் உள்ள நீள வீடியோவைத் திறந்து, ட்ரான்ஸ்கிரிப்ட் இருந்தால் அதில் சர்ச்சைக்குரிய சொல் எந்த நிமிடத்தில் வருகிறது என்று தேடுங்கள். அதற்கு முன் மூன்று நிமிடமும் பின் இரண்டு நிமிடமும் பார்த்தால் போதும். அவர் தன் குரலில் பேசுகிறாரா, இன்னொருவர் பேசுவதுபோல் நடித்துக் காட்டுகிறாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடித்துக் காட்டியதை அவர் கருத்தாக எடுத்துக்கொண்டுதான் பாதிக் கொதிப்பும் வருகிறது. எங்கே தேடியும் மூலம் கிடைக்கவில்லை, உதடும் சத்தமும் ஒட்டவில்லை என்றால் ஏ.ஐ. குரலாக இருக்கலாம். அதை அழித்துவிடலாம், காரணத்தை எழுதிவிட்டு.

முழுசாகப் பார்த்தபின் அளப்பதற்கு ஒரு கோல் வேண்டும். அது ‘யார் தலைவர்’ என்ற கோலாக இருக்கக் கூடாது. குறி என்ன என்று கேளுங்கள்: பதவியில் இருப்பவரின் சொல்லும் செயலுமா, அல்லது ஒருவரின் சாதி, மதம், உடல், அவர் வீட்டுப் பெண்களா? முதலாவது எவ்வளவு காரமாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது, சபையே சிரித்திருந்தாலும் எடுக்க வேண்டியது. ‘கொள்ளையடித்தார்’ என்பதுபோல் நடந்ததாகச் சொல்லும் குற்றச்சாட்டு இருந்தால் அது கிண்டல் அல்ல, தகவல், ஆதாரம் கேட்கலாம். கடைசியாக, தலைவர் பெயரை மட்டும் மாற்றி அந்த வசனத்தை வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது கை தயங்கினால் உங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

கட்சிக்குக் கட்சி மாறும் இந்தக் கோபம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 2018 மே 29 அன்று ரோசன் பார் என்ற நடிகை, முன்னாள் அதிபர் ஒபாமாவின் ஆலோசகராக இருந்த கறுப்பினப் பெண்ணைப் பற்றி இனவெறியோடு ட்வீட் போட்டார். அன்றே ஏ.பி.சி. தொலைக்காட்சி அவர் தொடரை நிறுத்தியது. மறுநாள் சமந்தா பீ தன் நகைச்சுவை நிகழ்ச்சியில் ட்ரம்ப் மகளை ஓர் ஆபாசச் சொல்லால் திட்டினார். மே 31 அன்று மன்னிப்புக் கேட்டார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று இனத்தை வைத்து இழிவு, மற்றது கெட்ட வார்த்தை. ஆனால் முதலாவதுக்கு ‘பேச்சுரிமை’ என்றவர்களில் பலர் இரண்டாவதுக்கு ‘வேலையை விட்டு நீக்கு’ என்றார்கள். மறுபக்கத்திலும் வாதங்கள் அப்படியே இடம் மாறின. 2025 செப்டம்பர் 17 அன்று அதே ஊர் டிவி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டு 23ஆம் தேதி திரும்பி வந்ததற்குள் அதே நாடகம் இன்னொரு முறை நடந்தது.

அத்தானிடம் பேசும்போது சட்டத்தைவிட இது எடுபடும்: கொதிப்புதான் கிண்டலுக்கு ஆயுள் கொடுக்கிறது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே அவரை விடவேண்டி வந்தது. சிறைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால் அந்த வார இதழோடு அந்தச் சிரிப்பும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். 2025 மார்ச்சில் மேடை நகைச்சுவையாளர் குணால் கம்ரா மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஷிண்டேயைப் பாட்டாகக் கிண்டலடித்தார். ஷிண்டேயின் கட்சித் தொண்டர்கள் மும்பையில் அந்த அரங்கத்தைப் போய் அடித்து நொறுக்கினார்கள். விழுப்புரம் பக்கம் குடியிருக்கும் கம்ராவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. மும்பை அரசியலையே எட்டிப்பார்க்காத நம் ஊர்க்காரர்களும் அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தார்கள்.

குழுவில் எழுதாமல் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அக்கா இருக்கும்போது பேசினால் இன்னும் நல்லது. முழு வீடியோவைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, “அத்தான், இத முழுசா பாத்தியளா? இந்த எடத்துல என்ன தப்புன்னு காட்டுங்க, நான் எடுக்கேன்” என்று தொடங்கலாம். போன வருடக் கதையை முதல் வாயிலேயே எடுத்துவிடாதீர்கள். அது உண்மைதான், ஆனால் முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். அவர் ஒரு குறிப்பிட்ட சொல்லைக் காட்டினால், அந்தச் சொல் மேலே சொன்ன கோலில் விழுந்தால், எடுத்துவிடுங்கள். காட்ட முடியாமல் ‘எங்க தலைவர’ என்று மட்டும் சொன்னால் வீடியோ இருக்கட்டும். அண்ணாச்சியை நீக்க இதில் காரணமே இல்லை. நீக்கினால் அவர் பின்னால் நாற்பது பேர் வெளியே போய் இன்னொரு குழு தொடங்குவார்கள். அரசியலுக்குத் தனிக்குழு வை என்று யாராவது யோசனை சொன்னாலும் ஏற்காதீர்கள். கொஞ்ச நாளில் அதில் ஒரே கட்சிக்காரர்கள்தான் மிஞ்சுவார்கள்.

ஞாயிறு மாலை பூட்டைத் திறக்கும்போது ஒரு விதியை எழுதி மேலே பின் செய்யுங்கள். இப்படி இருக்கலாம்:

“அரசியல் வீடியோ போடுகிறவர் முழு வீடியோவின் இணைப்பையும் தேதியையும் சேர்த்துப் போட வேண்டும். துண்டு மட்டும் வந்தால் அழிக்கப்படும். பதவியில் இருப்பவர்களின் செயலைக் கிண்டலடிக்கலாம். சாதி, மதம், பெண்கள், உடல்குறை வைத்து இழிவுபடுத்தினால் யாரைப் பற்றியது என்றாலும் அழிக்கப்படும். அடி, வெட்டு என்று தூண்டுகிறவர் அன்றே நீக்கப்படுவார். ஆட்சேபம் இருந்தால் அட்மினுக்குத் தனியாக எழுதவும். 24 மணி நேரத்தில் மூன்று அட்மின்களில் இருவர் சொல்வது முடிவு.”

மூன்று அட்மின் என்பதை விட்டுவிடாதீர்கள். ஒருவர் அத்தான் தரப்பு, ஒருவர் அண்ணாச்சி தரப்பு, நடுவில் நீங்கள். தூண்டுதல் விஷயத்தில் மட்டும் 24 மணி நேரம் காத்திருக்கக் கூடாது. 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. மதத்தைத் தொடும் பதிவு இரவு பத்து மணிக்கு வந்தாலும் அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுக்கும் முன் போட்டவர் எண், நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எங்கும் பகிர வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டம் 63இன்படி சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு அந்த மெசேஜ் வந்த போனே வேண்டியிருக்கும், அதனால் போனை ரீசெட் செய்துவிடாதீர்கள்.

அத்தான் அதற்குப் பிறகும் ஸ்டேஷனுக்குப் போனால் போகட்டும். உங்களைக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள் (பி.என்.எஸ்.எஸ். 35(3)). பின் செய்த விதியையும் முழு வீடியோவின் இணைப்பையும் ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். ஓண நன்கொடை ரசீதுப் புத்தகத்தை மட்டும் இந்தச் சண்டை ஓயும்வரை பொருளாளரிடமிருந்து வாங்காதீர்கள். அவர் கையில் இருப்பதுதான் அவர் இன்னும் பொருளாளர் என்பதற்கு அடையாளம்.