சட்டிக்கு என் புருவம்

வணக்கம் சார்,

கோவையில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். ஸ்கேனிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, என்னையே ஒரு டிஜிட்டல் சுயஉருவமாகச் செய்து பார்க்கலாம் என்று இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். நண்பன் என்னைச் சுற்றி நடந்து 140 போட்டோ எடுத்தான், அதிலிருந்து கம்ப்யூட்டரில் என் தலையின் முப்பரிமாண மாடல் வந்தது. லேப்டாப் கேமராவில் மீடியாபைப் என்ற முகம் பின்தொடரும் மென்பொருளை வைத்து என் முக அசைவுகளைப் பதிவு செய்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அந்தத் தலையோடு இணைத்தேன். மூக்கு, காது எல்லாம் அச்சு அசல் நான்தான். ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "மாலை போட்டு மாட்டுற படம் மாதிரி இருக்குடா, அழிச்சிடு" என்றார். பக்கத்தில் வைக்க ஆத்தாவின் பித்தளைச் சொம்பையும் ஸ்கேன் செய்தேன், கசக்கிப் போட்ட பேப்பர் மாதிரி வந்தது. ஹாஸ்டல் டியூப்லைட்டில் முக அசைவைப் பிடிக்கிற டிராக்கிங் வேறு விட்டுவிட்டுப் போகிறது. எங்கள் சார் இதெல்லாம் ஃபில்டர், சுயஉருவம் இல்லை என்கிறார். போட்டோ எடுத்தது நண்பன், அசைவை அளந்தது கம்ப்யூட்டர், அப்படியானால் இதில் 'சுய' எங்கே என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பழைய ஐபோன் ஒன்று வாங்கினால் சரியாகுமா? வீடியோவை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

வீடியோவைப் பார்த்தேன். உங்கள் அம்மா சொன்னதற்குச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அவர் சொன்னது சரி. ஸ்கேன் எடுக்கும்போது என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் ஒரு புள்ளியை வெறித்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நண்பர் 140 போட்டோ எடுத்து முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் இருந்திருப்பீர்கள், ஏனென்றால் அசைந்தால் ஸ்கேன் கெட்டுவிடும். ஆக, முகத்தில் உயிர் என்று நாம் எதையெல்லாம் சொல்வோமோ அதையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்த அச்சு அது. அம்மாவுக்கு மாலை ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

டிராக்கிங் இதற்கு நேர் எதிர். நீங்கள் அசைந்தால்தான் அதற்கு வேலை. உங்கள் நிறம், தழும்பு, மூக்கின் வளைவு எதையும் அது எடுத்து வைத்துக்கொள்வதில்லை. மீடியாபைப் உங்கள் முகத்தில் நானூற்றுச் சொச்சம் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 52 எண்களைத் தருகிறது. தாடை எவ்வளவு திறந்திருக்கிறது, இடது உதட்டோரம் எவ்வளவு ஏறியிருக்கிறது, இப்படி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு. உங்களுக்கும் 52, எனக்கும் 52, எங்கோ பொம்மை முகத்தை மாட்டிக்கொண்டு நேரலை செய்பவருக்கும் அதே 52. ஸ்கேனில் வந்தது அசையாத தோற்றம், டிராக்கிங்கில் வந்தது தோற்றமில்லாத அசைவு. இரண்டையும் ஒட்டினால் 'நான்' வந்துவிடும் என்று நினைத்தீர்கள். நானும் அப்படி நினைத்து நாலு மாதத்தை வீணாக்கியவன்தான்.

உங்கள் வீடியோவில் முதலில் கண்ணில் பட்டது கழுத்து. ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அந்த 52 எண்களில் தலையின் அசைவு கிடையாது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தனிக் கணக்கு, மீடியாபைப்பில் அதைத் தனியாகக் கேட்டால்தான் தரும், நீங்கள் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இதை விட்டால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அவ்வளவுதான். நமக்குப் பாதிப் பேச்சே போய்விடும். ஒருவர் பேசும்போது நாம் 'சரி' என்று சொல்வதற்கு முன்னாலேயே தலை பக்கவாட்டில் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கும். அதை வெட்டிவிட்டு உதட்டை மட்டும் அசைத்தால் செய்தி வாசிக்கிற பொம்மைதான் வரும்.

இரண்டாவது, நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிகிறது, ஸ்மூத்திங்கைத் தாறுமாறாக ஏற்றியிருக்கிறீர்கள். டியூப்லைட்டில் எண்கள் நடுங்கியிருக்கும், பார்க்கச் சகிக்காமல் வழவழப்பாக்கியிருப்பீர்கள். ஆனால் கேமராவின் நடுக்கத்தை அழிக்கிற அதே வேலை, உங்கள் முகத்தின் சின்னச் சின்ன வெட்டுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. பேச ஆரம்பிக்கும் முன் உதட்டை ஒரு கணம் உள்ளே இழுப்பது, கண்ணை அரைகுறையாகச் சிமிட்டுவது, அதெல்லாம் போச்சு. ஸ்மூத்திங்கைப் பாதிக்கு மேல் குறையுங்கள். கொஞ்சம் நடுங்கட்டும்.

இங்கே ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1973இல் ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர், ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகளை வைத்து, மற்றதெல்லாம் இருட்டாக இருக்கும்படி படம் பிடித்தார். அசையாமல் இருந்தபோது அது சிதறிக் கிடக்கும் புள்ளிகள், ஆள் நடக்க ஆரம்பித்ததும் பார்த்தவர்களுக்கு உடனே மனிதன் தெரிந்துவிட்டான். அதற்கப்புறம் 1977இல் அமெரிக்காவில் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் அதே முறையில் நண்பர்களின் நடையை அவர்களுக்கே காட்டிப் பார்த்தார்கள். முகம் இல்லை, உடம்பு இல்லை, வெறும் புள்ளிகள். அப்போதும் யார் யார் என்று ஊகத்தைவிட நன்றாகவே சொல்ல முடிந்தது. தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிற திண்ணைக் கிழவிகள் இதற்கு ஆய்வெல்லாம் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

'எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி கண்ணாடியின் வேலை. நீங்கள் தினமும் பார்ப்பது இடவலம் மாறிய முகம். மாடலில் வருவது மற்றவர்கள் பார்க்கும் முகம். இதையும் 1977இல்தான் சோதித்திருக்கிறார்கள், ஒருவரின் போட்டோவை நேராகவும் இடவலம் மாற்றியும் பிரிண்ட் போட்டுக் காட்டினால் அவருக்குப் பெரும்பாலும் மாற்றியது பிடிக்கிறது, அவருடைய நண்பருக்கு நேரானது பிடிக்கிறது. ஆகவே மாடலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு. அம்மாவுக்குத் தெரிந்த பையனா, கண்ணாடியில் தலை சீவுகிறவனா?

ஐபோன் வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஐபோன் டென்னில் வந்த முன்பக்க சென்சார் 30,000க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி ஆழத்தை அளக்கும், இருட்டிலும் பிடிக்கும், நல்ல கருவிதான். ஆனால் அது தரப்போவதும் இதே மாதிரி 52 எண்கள்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உங்கள் லேப்டாப்பே போதும். டிராக்கிங் விட்டுப் போவது உங்கள் குற்றமும் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ஜாய் புவோலம்வினி என்ற மாணவியின் கருப்பு முகத்தை ஒரு முகம்கண்டறியும் மென்பொருள் பார்க்கவே மறுத்தது, வெள்ளை முகமூடியை எடுத்து மாட்டியதும் உடனே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு இந்த மென்பொருள்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் மங்கின வெளிச்சம், மாநிறம், மலிவு கேமரா மூன்றும் சேர்ந்தால் திணறத்தான் செய்கிறது.

சரி, ஃபில்டர் விஷயம். உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 52 எண்களை, யாரோ முன்பே பெயர் வைத்த 52 அசைவுகளோடு, அவர்கள் சொன்ன வரிசைப்படியே இணைத்தால் அது ஃபில்டர்தான், நீங்கள் அதில் எதையும் முடிவு செய்யவில்லை. நண்பர் போட்டோ எடுத்தாரா, நீங்களே சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றி எடுத்தீர்களா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. (அப்படி எடுப்பதென்றால் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் மென்பொருள் உங்களை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பிடித்துக்கொள்ளும்.) எதை எதோடு கட்டுவது என்று முடிவெடுக்கிற இடத்தில்தான் 'சுய' வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். தலை மாடல் தோற்றுப் போன எரிச்சலில், வீட்டில் கிடந்த ஒரு மீன்குழம்புச் சட்டியை ஸ்கேன் செய்தேன். அடியில் கரி, விளிம்பில் இரண்டு இடத்தில் உடைப்பு, பக்கவாட்டில் நீளமாக ஒரு விரிசல். ஸ்கேனுக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது, முதல் தடவையே அற்புதமாக வந்தது. அதற்குள் ஒன்பது ஷேப் கீ, அதாவது வடிவம் எப்படி மாற வேண்டும் என்று முன்பே செய்து வைக்கிற மாற்றங்கள், மட்டும் செய்தேன். புருவம் ஏறினால் அந்தப் பக்க விளிம்பு ஏறும், தாடை திறந்தால் விரிசல் திறக்கும், தலை சாய்ந்தால் சட்டியே சாயும். கண் சிமிட்டலை எதில் கட்டுவது என்று தெரியாமல், கடைசியில் மேலே விழும் வெளிச்சத்தில் கட்டினேன், சிமிட்டும்போதெல்லாம் கரண்ட் போய் வருகிற மாதிரி ஒரு மங்கல். ஸ்மூத்திங் அநேகமாக இல்லை. 20 விநாடி ஓடவிட்டுப் பதிவு செய்து, எதுவும் சொல்லாமல், சத்தம் இல்லாமல், அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"கடன் கேட்டு போன் பண்றவன்கிட்ட நீ பேசுற மாதிரியே இருக்கு" என்று பதில் வந்தது.

எனக்குப் புரியவில்லை. போன் செய்து கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் என் இடது புருவம் இரண்டு தடவை ஏறி இறங்குமாம், அப்புறம் தலை கொஞ்சம் பின்னால் போகுமாம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். ஐம்பது வருடமாக இந்த முகத்தோடு இருக்கிறேன், எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது நாம் யாருக்கும் பதில் சொல்வதில்லையே. பதிவைத் திறந்து எண்களைப் பார்த்தேன். இருந்தது, இடது புருவத்தின் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடு. தலை மாடலில் ஓட்டியபோதும் அதே மேடுகள் இருந்திருக்க வேண்டும், ஆனால் அப்போது எல்லோரும் மூக்கு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால் உங்களுக்கு என் யோசனை, தலையைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். உங்கள் முகத்தை அந்தச் சொம்புக்குக் கொடுங்கள்.

சொம்பு கசங்கி வந்ததற்குக் காரணம் பளபளப்பு. ஒரே கீறலை, ஒரே கறையைப் பல போட்டோக்களில் அடையாளம் கண்டு, அதை வைத்துத்தான் மென்பொருள் வடிவத்தைக் கணக்கிடுகிறது. பித்தளையில் அதற்குத் தெரிவது உங்கள் ஹாஸ்டல் ஜன்னல்தான், நீங்கள் நகர்ந்தால் ஜன்னலும் நகரும், எப்படிக் கணக்குப் போடும்? மேலே மெலிதாக ஏதாவது பொடி பூசிப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். மேகமூட்டமான காலை, ஃபிளாஷ் வேண்டாம், மூன்று உயரங்களில் மூன்று சுற்று, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு முக்கால்வாசி பொருந்துகிற மாதிரி, மொத்தம் 80, 90 போட்டோ போதும். அப்புறம் கவிழ்த்து வைத்து அடிப்பக்கம். பொடியோடு எடுத்தால் வடிவம்தான் கிடைக்கும், பித்தளை நிறத்தை நீங்கள்தான் பிளெண்டரில் பூச வேண்டும். கழுத்துக்குள்ளே வராது. வராததை அப்படியே விடுங்கள், ஓட்டையாகவே இருக்கட்டும். 1524 வாக்கில் பார்மிஜானினோ என்ற 21 வயது இத்தாலியப் பையன் குவிந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்ததால் கை முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அதைத் திருத்தவில்லை, போதாததற்குக் கண்ணாடி மாதிரியே குவிந்த மரப்பலகை ஒன்றைச் செய்யவைத்து அதன் மேல் வரைந்தான். படம் வியன்னாவில் இருக்கிறது. அந்தக் கைக்காகத்தான் எல்லோரும் போய் நிற்கிறார்கள்.

2023இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற வேறொரு ஸ்கேன் முறையில் பளபளப்பு, முடி எல்லாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி வரும், இப்போது போன் ஆப்களிலேயே கிடைக்கிறது. ஆனால் அது லட்சக்கணக்கான மங்கல் புள்ளிகளின் மூட்டம், ஷேப் கீ போட்டு விளிம்பைத் தூக்குவதெல்லாம் லேசில் நடக்காது. இந்த வேலைக்கு வேண்டாம். அப்புறம், உங்கள் தலை ஸ்கேனை இலவசமாகச் செய்து தருகிறோம் என்கிற எல்லாத் தளத்திலும் ஏற்றிவைக்காதீர்கள். சொம்பு என்றால் பரவாயில்லை.

பொடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் அவசரத்துக்கு விபூதியை எடுத்து ஒரு குத்துவிளக்கில் பூசினேன், ஸ்கேன் பிரமாதமாக வந்தது, ஆனால் வேலைப்பாட்டின் இடுக்கிலெல்லாம் ஏறிக்கொண்டு புளி போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை, வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆத்தா சொம்பில் பேர் வெட்டியிருந்தால் முகப்பவுடரை மேக்கப் பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் போடுங்கள். வீடியோ முடிந்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்கு அனுப்புங்கள், எதுவும் சொல்லாமல்.