வெள்ளத்தோட ஆயிலும் வந்தா என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் சார், எங்க வீடு வடசென்னை எர்ணாவூர்ல, பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பக்கம். 2023 மிக்ஜாம் புயல்ல வெறும் தண்ணி வரல, மணலி ரீஃபைனரி ஆயிலோட வந்துச்சு, சுவத்துல அந்தக் கருப்புக் கோடு பெயிண்ட் அடிச்சும் தெரியுது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல உர ஆலை பைப்ல அமோனியா கேஸ் லீக், என் நாத்தனார் வீடு அங்கதான், குழந்தைய தூக்கிட்டு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியாம ஓடிருக்காங்க. மாமியாருக்கு வேற வீசிங் இருக்கு. மழை சீசன் வந்தாலே பயமா இருக்கு, என்ன ரெடி பண்ணி வச்சுக்கணும்?
- ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: நாத்தனார் விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேம்மா, கேஸ் லீக்ல யோசிக்கவே நேரம் கிடைக்காது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முதல்ல பாருங்க, தென்னை ஓலையோ மாடில காயுற துணியோ போதும். காத்து போற பக்கமே ஓடுனா கேஸும் கூடவே வரும், அதனால காத்துக்குக் குறுக்கால போகணும். அமோனியா காத்தைவிட லேசுதான், ஆனா குளிர வச்ச திரவமா கசிஞ்சா முதல்ல பனி மாதிரி தரையோட தவழும். தண்ணில நல்லா கரையும்ங்கறதால ஈரத்துணிய மூக்குல வாய்ல கட்டிக்கிட்டா ஓரளவு தாங்கும், கண்ணு எரிஞ்சா 15 நிமிஷமாவது தண்ணி ஊத்திக் கழுவணும். வெளிய போகவே முடியலன்னா ஜன்னல் கதவை மூடிட்டு இடுக்குல ஈரத்துணி அடைங்க. மாமியாரோட இன்ஹேலர் ஒண்ணு கதவுகிட்ட பைலயே இருக்கட்டும்.

ஆயில் தண்ணி வந்தா அடுப்பு, விளக்கு எதையும் பத்த வைக்காதீங்க, மெயின் ஸ்விட்ச தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க. உடம்புல ஒட்டுனதுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு சோப்பு போடுங்க. அந்த ஆயில் சம்ப்ல இறங்கிட்டா சம்ப் தண்ணியக் குடிக்கவே கூடாது, காய்ச்சினாலும் ஆயில் போகாது. நியூஸ்ல புழல் ஏரியத் திறக்கறாங்கன்னு சொன்னா உங்க ஏரியாவுக்கும் சேத்துதான், அந்த உபரித் தண்ணி மணலி, சடையங்குப்பம் வழியாத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருது, பூண்டில திறந்தா கொசஸ்தலை ஆறும் அங்கதான் வந்து சேருது. வழியெல்லாம் ஃபேக்டரி, முகத்துவாரமோ மண்ணும் அனல் மின் நிலையச் சாம்பலும் மேவிக் கிடக்கு, அப்புறம் தண்ணி எங்கதான் போகும்?

மழைக்கு ரெட் அலர்ட் ஃபோனுக்கே வருது, ஆனா பக்கத்து ஆலைல எந்த டேங்க்ல என்ன இருக்குன்னு யாரும் வந்து சொல்றதில்ல, இதுதான் எனக்குத் தாங்கல. 1989லயே அபாயகரமான ரசாயனங்களுக்கு மத்திய அரசு விதி போட்டிருக்கு. ஆலைக்குள்ள ஒரு அவசரத் திட்டம், வெளிய இருக்கற ஜனங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தோட திட்டம், அதுக்கு வருஷத்துக்கு ஒருதடவையாவது ஒத்திகை, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல், எல்லாமே அதுல இருக்கு. ஏரியா சபைக் கூட்டத்துல கவுன்சிலர்கிட்ட இதை எழுதிக் குடுங்க, நாலு பெண்களா சேந்து போங்க. உங்க தெருவுல அந்த ஒத்திகை எந்த வருஷமாவது நடந்துச்சான்னும் எங்களுக்கு எழுதுங்கம்மா.