மல்லிகை பூக்காததற்குக் காரணம் உரமல்ல

வணக்கம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் காலை பத்து மணி வரைதான் வெயில், மல்லிகை இலை மட்டும் விடுகிறது, பூக்கவில்லை, உரத்தை மாற்றுவதா, வேறு செடி எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

உரத்தை விடுங்கள். மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். செடியைக் குறை சொல்லாதீர்கள், பாவம். வெயில் படும் வீட்டில் யாருக்காவது கொடுத்தால் பூத்துத் தள்ளும்.

உங்கள் இடத்துக்கு வெற்றிலைதான் என் முதல் தேர்வு. உச்சி வெயில் அதற்கு ஆகாது, காலை வெயிலே போதும்; ஏற ஒரு கொம்பு வையுங்கள். கற்பூரவள்ளியும், சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டானும் வரும். கறிவேப்பிலை பிழைக்கும், ஆனால் மெலிந்துதான் வளரும்.

தாம்சன் ரோட்டு நர்சரிகளுக்கு வார நாள் காலையில் போங்கள், நின்று பேசலாம். செடி வெயிலில் இருந்ததா, நிழல்வலைக்கு அடியிலா என்று கட்டாயம் கேளுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி இருந்தால் வேண்டாம். மலேசியாவின் கேமரன் மலைச் செவ்வந்தி கண்ணைப் பறிக்கும், நம் ஊர்ச் சூட்டில் நிலைக்காது.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அதனால் ஒடுக்கமான தொட்டியாக எடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும்.