மூன்றாம் வகுப்பு மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது பற்றி

வணக்கம். உங்கள் மகன் கணக்கை எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், ஆசிரியை அதைக் கவனக்குறைவு என்று டைரியில் எழுதி அனுப்புவதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள்.

சலிப்புதான் என்று முடிவுகட்டும் முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. வீட்டிலும் இதே சிதறல் தொடர்ந்து இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள், ஏனெனில் கெட்டிக்காரத்தனமும் கவனக்குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கலாம்.

ஆசிரியையிடம் "என் மகனுக்கு வகுப்பு போரடிக்கிறது" என்று பேச்சைத் தொடங்கினால், நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் அவருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். மாறாக, வகுப்பு வேலை முடிந்தபின் அவன் திறந்துகொள்ள ஒரு தனி நோட்டுக்கு அனுமதி கேளுங்கள். அதில் அதே மாதிரிக் கூட்டல் கணக்குகள் இன்னும் இருபது வேண்டாம். விரைவாக முடித்ததற்கு அது தண்டனை (நான் சிறுவயதில் அனுபவித்தது). 1 முதல் 50 வரை மூன்றே வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்ட எண்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள்: 4, 9, 25, 49 என்று கண்டுபிடித்துவிடுவான், ஆனால் ஏன் இவை மட்டும் என்பதற்குச் சில நாட்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் மதுரை என்பதால், 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அழைத்துச் சென்று, புத்தகத்தை அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் சேர்க்கும் டபுள் புரமோஷன் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்பதே என் கருத்து. கணக்கில் முந்தும் பிள்ளைக்கு எழுத்து வேகமும் நட்பும் அதே அளவு முந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது.