கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த சென்டர் என்.பி.ஏ.வில் தேறுவாரா, எப்படிக் கணிப்பது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கிய சென்டரைக்கூட (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள்) தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகள் டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஏன் சீந்துவதில்லை, அவர்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அவர் போட்ட பாயின்டுகளை முதலில் மறந்துவிடுங்கள். எதிரணி பந்தைப் போடும்போது அவர் கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அயோவா பல்கலைக்கழகத்தின் லூக்கா கார்ஸா 2021-இல் அந்த விருதை வாங்கினார். ஆட்டத்துக்கு 24 பாயின்ட், த்ரீ பாயின்டரும் (வளைவுக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று பாயின்ட் ஷாட்) அருமையாகப் போடுவார். டிராஃப்டில் 52-ஆவது இடம்தான் கிடைத்தது. அடுத்த வருடம் வாங்கிய கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே ஆட்டத்துக்கு 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தவர். 2023 டிராஃப்டில் அவர் பெயரை யாருமே கூப்பிடவில்லை.

காரணம் பெரும்பாலும் பிக் அண்ட் ரோல் என்ற ஆட்ட உத்தி. பந்து வைத்திருப்பவனுக்கு அவன் அணியின் சென்டர் வந்து ஸ்கிரீன் போடுகிறார், அதாவது காவல் காப்பவரின் வழியை உடம்பால் மறித்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடுகிறார். அந்த ஒரு நொடியில், தற்காப்பில் இருக்கும் நம் சென்டர் முடிவெடுக்க வேண்டும். முன்னே ஏறினால், பந்து வைத்திருக்கும் வேகமான கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆள்) பக்கத்தில் புகுந்து கூடைக்குப் போய்விடுவான். பின்வாங்கினால், அங்கேயே நின்று ஷாட் எடுப்பான். கல்லூரியில் இதைப் பெரிதாகத் தண்டிக்கும் ஆட்கள் குறைவு. என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணியிலும் இருக்கிறார்கள், அதுவும் மெதுவான சென்டர் யார் என்று தேடிப்பிடித்து, ஆட்டம் முழுக்க அவரையே இழுப்பார்கள்.

விதிகளும் வேறு. கல்லூரி ஆட்டத்தில் தற்காப்பில் இருப்பவர் பெயின்டில் (கூடைக்கு முன்னே வண்ணம் பூசிய பகுதி) பாய் விரித்துப் படுத்துவிடலாம். என்.பி.ஏ.வில் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரைக் காவல் காக்காமல் 3 நொடிக்கு மேல் அங்கே நிற்கக்கூடாது. பெயின்டும் 12 அடியிலிருந்து 16 அடியாக அகலமாகிறது. அப்புறம், போஸ்டில் (கூடைக்குப் பக்கத்தில்) முதுகைக் காட்டித் தள்ளித் தள்ளிக் கூடைக்குப் போக ஷாட் கிளாக்கும், அதாவது ஷாட் எடுக்கத் தரும் கெடுவும், விடாது: கல்லூரியில் 30 நொடி, என்.பி.ஏ.வில் 24.

சரி, ஸாக் ஈடி கதைக்கு வருவோம். டொராண்டோ பையன், 7 அடி 4 அங்குலம், கிட்டத்தட்ட 300 பவுண்ட். பர்டூ பல்கலைக்கழக அணிக்காக 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீரர். ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு அப்படி அடுத்தடுத்து வாங்கியவர் இவர்தான்.

2024 கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை மறுபடி பார்த்தால் பாடமே அதில் இருக்கிறது. ஈடி 37 பாயின்ட் போட்டார். பர்டூ 75-60 என்று கனெக்டிகட்டிடம் தோற்றது. கனெக்டிகட் பயிற்சியாளர் டேன் ஹர்லி பெரும்பாலும் ஈடியை ஒற்றை ஆளாகவே மடக்கச் சொன்னார். போட்டால் போடட்டும், மற்றவர்களுக்குப் பந்து போகக்கூடாது என்பது கணக்கு. அந்த சீசனில் சுமார் 40 சதவீதம் த்ரீ பாயின்டர்களைப் போட்ட பர்டூ, அன்று 7 முயற்சியில் ஒன்றே ஒன்றுதான் போட்டது. ஈடியை மடக்கும் வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் கனெக்டிகட்டின் சென்டர் டோனவன் கிளிங்கன். அந்த ஜூன் டிராஃப்டில் கிளிங்கன் 7-ஆவது, 37 பாயின்ட் போட்ட ஈடி 9-ஆவது! அந்த 9-ஆவது இடமே அதிகம் என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். பெரும்பாலான கணிப்புகள் அவரை இன்னும் கீழேதான் வைத்திருந்தன.

எனக்கு அந்தத் தேர்வு சரியாகவே பட்டது. ஆள் நல்லவரா என்பதோடு எந்த அணிக்குப் போகிறார் என்பதும் பாதி விஷயம். ஈடியை எடுத்த மெம்ஃபிஸ் அணியில் அப்போது ஜேரன் ஜாக்சன் ஜூனியர் இருந்தார், 2023-இன் சிறந்த தற்காப்பு வீரர். ஓடிப்போய் அடைக்கும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார், த்ரீ பாயின்டரும் போடுவார். ஈடி கூடைக்கு அடியில் நின்றால் போதும். ஈடி போடும் ஸ்கிரீனைப் பயன்படுத்திக்கொள்ள ஜா மோரன்ட் என்ற வேகமான கார்டு வேறு. ஈடிக்கு முதல் சீசனில் ஆட்டத்துக்கு 21 நிமிடம் போல ஆடி, 9.2 பாயின்ட், 8.3 ரீபவுண்ட், அந்த சீசனின் சிறந்த புதுமுகங்களின் முதல் அணிப் பட்டியலிலும் இடம். கல்லூரியில் 25 பாயின்ட் போட்டவருக்கு இது சரிவுபோலத் தோன்றும். ஆனால் சென்டருக்கு என்.பி.ஏ. தரும் வேலையே இந்த அளவுதான்.

தூரத்திலிருந்து ஷாட் வருமா என்று தெரிய ஃப்ரீ த்ரோவைப் (ஃபவுலுக்குப் பின் யாரும் மறிக்காமல் எறியும் ஷாட்) பாருங்கள். ஈடி கல்லூரியில் த்ரீ பாயின்டர் முயன்றதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் கடைசி இரண்டு வருடமும் ஃப்ரீ த்ரோ 70 சதவீதத்துக்கு மேல். என்.பி.ஏ. வந்த முதல் வருடமே வெளியிலிருந்து எறிய ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு பெரிய உடம்பில் எனக்கிருக்கும் பயம் வேறு: கால் தாங்குமா? 2025 கோடையிலேயே ஈடிக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை ஆனது. டிராஃப்டுக்கு முன் அணிகளின் கையில் மருத்துவ அறிக்கை இருக்கும், நம்மிடம் இருக்காது. அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதனால் நல்ல சென்டர் ஒருவர் எதிர்பார்த்ததைவிட மிகவும் கீழே சரிந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது காலைத்தான்.