கனடாவில் துப்பாக்கி உரிமத்துக்கு மனைவியின் கையெழுத்தை ஏன் கேட்கிறார்கள்?

போலீஸ் பதிவில் ஒன்றுமே இல்லாதவர் வீட்டில் அடிப்பவராக, மிரட்டுபவராக இருக்கலாம். கூடவே வாழ்ந்தவருக்குத்தான் அது தெரியும். அதனால் விண்ணப்பப் படிவத்தில் இப்போதைய துணை மட்டுமல்ல, கடந்த 2 ஆண்டுகளுக்குள் பிரிந்துபோன துணையும் கையெழுத்திட இடம் உண்டு. பிரிந்தவரைச் சேர்த்தது மிகச் சரி. பிரிவை ஒட்டிய நாட்கள்தான் ரொம்ப ஆபத்தானவை. கையெழுத்து இல்லையென்றால் உரிமம் தானாக மறுக்கப்படாது. ஆனால் விண்ணப்பம் வந்திருப்பதை அதிகாரிகள் கையெழுத்திடாத அந்தத் துணைக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

புதிதாக விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. அப்புறம், 2023-இல் நிறைவேறிய திருத்தம் குடும்ப வன்முறையில் ஈடுபட்டவரின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்கிறது.

எனக்கு ஒரே கவலை: கணவன் பக்கத்தில் நிற்கப் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெண்ணிடம் அதிகாரி தனியாகப் பேச வேண்டும்.