பைரேட்ஸ் தோத்தா யாரைத் திட்டணும்? பாலக்கோடு தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் வந்து ரெண்டு மாசம் ஆகுது, ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல எல்லாரும் இந்த ஊரு பேஸ்பால் டீம் பைரேட்ஸைப் பத்தியே பொலம்புறாங்க, மேனேஜர் சரியில்லன்னு ஒருத்தர், ஓனர் சரியில்லன்னு இன்னொருத்தர், நான் எந்தப் பக்கம் பேசறதுன்னு கேட்டிருக்க. கூடவே வாடகை, லைசென்ஸ், இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு எல்லாம். அதைச் சொல்ல நூறு பேர் இருக்காங்க. நான் காவேரிப்பட்டணத்துக்காரன், பக்கத்து ஊருங்கிற உரிமைல நீன்னே சொல்றேன், பேஸ்பாலுக்கு மட்டும் பதில் வாங்கிக்க.

முதல்ல ஒண்ணு. எடுத்த எடுப்புல மேனேஜரைத் திட்டிடாத. நம்மூர்ல கோச்சுன்னு சொல்றோமே, அவரைத்தான் இங்க மேனேஜர்ம்பாங்க. 2025 மே மாசம் 12 ஜெயிச்சு 26 தோத்திருந்தப்ப டெரெக் ஷெல்டனைத் தூக்கிட்டு டான் கெல்லியைக் கொண்டு வந்தாங்க. சீசன் முடியறப்ப 71 வெற்றி, 91 தோல்வி. ஆள் மாறுனாலும் அவ்வளவுதான். அதே வருஷம் பால் ஸ்கீன்ஸ்னு நம்ம பிட்ச்சர், அதாவது பந்து போடறவன், இங்க இருக்கற ரெண்டு லீக்ல நாம ஆடற நேஷனல் லீக்லயே சிறந்த பிட்ச்சருக்கான சை யங் அவார்டு வாங்குனான், ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா 1.97 ரன்தான் குடுத்திருக்கான், ஆனா அவன் கணக்குல (வெற்றி தோல்வியை இங்க பிட்ச்சர் பேர்லயும் எழுதுவாங்க) 10 வெற்றி 10 தோல்வி! பந்து போடறவன் ரெண்டு ரன்கூட குடுக்காதப்ப டீம் ஏன் தோக்குது? அடிக்க ஆள் இல்ல. அடிக்கிற ஆளை காசு போட்டு யார் எடுக்கணும்? ஓனர் பாப் நட்டிங்தான் எடுக்கணும். 2025-ல ஸ்டேடியத்துல ஜனங்க "டீமை வித்துடு"ன்னு கத்துனது சும்மா இல்ல.

பேஸ்பால்ல சம்பளத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் டீம் டாட்ஜர்ஸ், ஓட்டானிங்கிற ஒரே ஆட்டக்காரனுக்கு 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் எழுதுனாங்க, பைரேட்ஸ் அதுவரைக்கும் குடுத்ததுலயே பெரிய கான்ட்ராக்ட் 2023-ல பேட்ஸ்மேன் பிரையன் ரெனால்ட்ஸுக்கு, 8 வருஷத்துக்கு 10 கோடியே 67 லட்சம் டாலர் சொச்சம். சின்ன ஊரு, டிவி வருமானம் கம்மின்னு சொல்வாங்க, நெஜம்தான், ஆனா பெரிய டீம்களோட வருமானத்துலருந்து சின்ன டீமுக்குப் பங்கு வந்துடுது, எத்தனை தோத்தாலும் கீழ் லீக்குக்கு எறக்கவும் மாட்டாங்க, அப்புறம் ஓனருக்கு என்ன பயம்? மாந்தோப்புக்கு தண்ணியே பாய்ச்சாம காய் புடிக்கலன்னு காவக்காரனை மாத்திட்டே இருந்தா எப்படி?

எனக்கு இதுல ஏன் இவ்வளவு கோவம்னா, நான் வந்த புதுசுல வேலை பாத்த எடத்துல ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் ஊத்திக்கிச்சு. டெஸ்டிங்குக்கு ஆளே வேணாம்னு செலவைக் கொறைச்சவங்க மேல உக்காந்துட்டு இருந்தாங்க, பழி கான்ட்ராக்ட்ல வந்த எங்க மேல விழுந்துச்சு. பனில பஸ் ஸ்டாப்ல நின்னு விசா என்னாகுமோ, ஊருக்கு என்னத்த சொல்றதுன்னு பயந்துட்டு இருப்பேன். அப்ப பக்கத்து சீட்ல இருந்த பெரியவர்தான், பிட்ஸ்பர்க்லயே பொறந்தவரு, ஒரு நாள் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போயி கைல பென்சிலும் ஸ்கோர் கார்டும் குடுத்தாரு. மூணு தடவை பந்தைத் தவறவிட்டு (ஒவ்வொண்ணும் ஒரு ஸ்ட்ரைக்) அவுட் ஆனா அது ஸ்ட்ரைக் அவுட், அதுக்கு இங்கிலீஷ் எழுத்து கே (K) போடணும், பேட்டையே வீசாம நின்னு அவுட் ஆனா அந்தக் கேயைத் திருப்பிப் போடணும். அன்னிக்கு என் கார்டு பூரா திருப்பிப் போட்ட கேதான். 1993-லருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன் தோல்வி அதிகமாவே முடிச்ச டீம், அந்த மனுஷன் ஒரு வருஷம்கூட டீமை மாத்தல.

நம்மாளுங்க இருக்காங்களே, பென் ஹில்ஸ் கோயில் பார்க்கிங்ல நின்னா கிரீன் கார்டு, வீட்டு விலை, இந்த ரெண்டுதான் பேச்சு. பேஸ்பாலா, அது நமக்கெதுக்கும்பாங்க. இன்னும் சிலர் ஜெயிக்கிற டீம்னு நியூயார்க்கோட யாங்கீஸ் தொப்பி வாங்கி மாட்டிப்பாங்க, இருக்கறது பிட்ஸ்பர்க்ல! அப்படி ஆயிடாத. 2013-ல வைல்டு கார்டு மேட்ச்ல, அதாவது சீசன் முடிஞ்சு அடுத்த சுத்துக்குப் போக ஆடற ஒத்தை மேட்ச்ல, சின்சினாட்டியை 6-2ன்னு அடிச்சப்ப இந்த ஊரே அழுதுச்சு, நானும் அழுதேன். அதுக்கப்புறம் 2018 ஜனவரில பிட்ச்சர் கெரிட் கோலையும் பேட்ஸ்மேன் மெக்கட்சனையும் ரெண்டே நாள் இடைவெளில வேற டீமுக்குக் குடுத்தாங்க பாரு, அதை இன்னிக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியல.

லீவுல ஊருக்குப் போனாலும் விடறதில்ல. இங்க சாயங்காலம் 6:40 மேட்ச்னா அங்க விடியக்காலை 4:10. மொட்டை மாடில போனை வெச்சுட்டு உக்காந்திருப்பேன், அப்பா தோட்டத்துக்கு மோட்டார் போடப் போறவரு கீழருந்தே "இன்னிக்காச்சும் ஜெயிச்சானுங்களாடா"ம்பாரு. எத்தனை ஸ்ட்ரைக்னு அவருக்கே இப்ப கணக்கு தெரியும்.

லஞ்ச்ல கேட்டா ஸ்கீன்ஸோட 10-10 கணக்கைச் சொல்லு, மத்ததை அவங்களே பேசுவாங்க. அவன் பந்து போடற நாளா பாத்து டிக்கெட் எடு. மேட்ச் அன்னிக்கு டவுன்டவுன்லருந்து ஸ்டேடியத்துக்குப் போற கிளெமென்டே பாலத்துல வண்டி விடமாட்டாங்க, டவுன்டவுன்லயே காரை நிறுத்திட்டு நடந்து போ.